சும்மாவுக்கு அட்டை இல்லை

காலையில் முதல் அழைப்பு பெரும்பாலும்
"மலர்ச்சாலைதானே?" என்றுதான் வரும்.
இல்லை, பூக்கடை, என்பேன்.
பெட்டி, ஐஸ், கறுப்பு வேன் எல்லாம்
அட்டன் பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம்.
எங்களிடம் பூ மட்டும்.
(பெருமைக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் போகும்
வளையங்களில்தான் கடை வாடகை.)

அன்றைக்கு ஒரு குரல்
"மலர்ச்சாலை இல்லையே?" என்றது.
இல்லை.
"அப்பாடா" என்றான்.

கொழும்பிலிருந்து. லொறி பின்னுக்கு எடுக்கும் சத்தம்,
யாரோ சிங்களத்தில் மூட்டை எண்ணுகிறார்கள்.
ஜெர்பரா பன்னிரண்டு, மஞ்சளும் செம்மஞ்சளும்.
வெள்ளைப்பாறைத் தோட்டம், மேப்பிரிவு,
ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா.
பெயர் சந்தனமேரி.
உறவு?
"பொஞ்சாதி."
பிறந்தநாளா?
"இல்ல."
கல்யாண நாள்?
"அது மாசியில."
பிறகென்ன என்று கேட்பது என் வேலையில்லை. கேட்டேன்.
மூட்டை எண்ணிக்கை நாற்பத்தொன்றில் தடுக்கி
முதலிலிருந்து தொடங்கியது.
"சும்மாதான்" என்றான்.

என்னிடம் அச்சடித்த அட்டை இரண்டு வகை.
ஆழ்ந்த அனுதாபங்கள்.
இனிய நல்வாழ்த்துகள்.
சும்மாவுக்கு அட்டை இல்லை.
வெறும் அட்டையில் என்ன எழுத?
"ஒண்ணும் வேணாம். வெல மட்டும்
எங்கயும் இருக்கக் கூடாது. திட்டுவா."

ஜெர்பராவின் தண்டுக்கு எலும்பில்லை,
மெல்லிய கம்பி சுற்றினால்தான் தலை நிமிரும்.
வெலிமடையிலிருந்து விடியல் பஸ்ஸில் வந்த கட்டில்
இரண்டு நசுங்கியிருந்தன, கணக்கில் சேர்க்கவில்லை.
ஈரப் பஞ்சு, பொலித்தீன், றப்பர் வளையம்.
ரிபன் ஊதா என்றால் சாவீடு, அதனால் வெள்ளை.
கட்டி முடித்த பிறகு வெள்ளையும் அதுவேதான் என்று உறைக்க
பச்சைக்கு மாற்றினேன்.

மிச்சத்தைப் பஸ்மிர் சொன்னான், ஆட்டோவை அணைக்காமலே.

மேப்பிரிவு ஏற்றம், மழை, முதல் கியர்.
பின் சீற்றில் பூ உட்கார்ந்து வருவதை
நிறுவைக்கு நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.
தராசில் ஒரு கூடை தொங்கியபடி ஆடியது.
டவுனிலிருந்து தோட்டத்துக்குப் பூ ஏறி வந்தால்
அதற்கு ஒரே அர்த்தம்.
ஒருத்தி கொண்டையை அவிழ்த்தே விட்டாளாம்.
கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி
"எந்த வீடு?" என்றார்.
ஐந்தாம் லயம், சந்தனமேரி,
என்று சொல்லி நிறுத்திக்கொண்டான் இந்த மடையன்.
அவள் கூட்டத்துக்குள்தான் நின்றாள்,
இடுப்பில் படங்கோடு.
"எனக்கு ஒண்ணுமில்லையே" என்று
தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தாளாம்.
பிறகு குரல் மாறி, "அவருக்கா?"
"ஐயோ அக்கா, அவர்தான் அனுப்பினது."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
பிறகு அவிழ்த்த கூந்தல்காரிதான் முதலில் சிரித்தாள்.
சம்பளத் துண்டில் போடும் அதே கையெழுத்தை
கறைபட்ட விரலால் போட்டுக் கொடுத்தாள் இவள்,
சிரிக்காமல்.

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.
"இத எங்க வைக்கிறது?"
பால்மா டின்னில். இரண்டு விரல் தண்ணீர் போதும்,
கூட ஊற்றினால் தண்டு அழுகும்.
"எத்தன நாளைக்கு?"
ஒரு கிழமை.
"எவ்வளவு?"
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கையில் இருந்த கத்தரியைத் தேடினேன்.
"சரி, சொல்லாதீங்க. கிலோக் கணக்குல
நானே போட்டுப் பாத்துக்குவேன்."
போட்டிருப்பாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஒரே ஒரு பூ. கொழும்புக்கு அனுப்பலாமா?"
பூவைவிட பஸ்காசு கூடுமே, என்றேன்.
"அவரு மட்டும் யோசிச்சாராக்கும்."
அட்டையில்?
"திட்டினேன்னு எழுதுங்க."

எழுதினேன். அந்த ஒற்றைச் சொல்லுக்கு
மூன்று அட்டை வீணாக்கினேன், எழுத்து சரிந்து சரிந்து போனது.
ஏழு மணி பஸ்ஸின் கண்டக்டர்
மேல்தட்டு நிறைந்துவிட்டது என்று சொல்லி
டிக்கெட் பைக்குள் செருகிக்கொண்டான்,
பூவின் தலை வெளியே தெரிய.